வட்டி ஸ்வாப்பின் நியாய மதிப்பு: வங்கிக் கடிதம் போதுமா? லெவல் 2-ஆ, 3-ஆ?

கேள்வி:
மிதக்கும் வட்டிக் கடனுக்கு எதிராக, நிலையான வட்டி கொடுத்து மிதக்கும் வட்டி வாங்கும் ஸ்வாப் (வட்டிப் பரிமாற்ற ஒப்பந்தம்) ஒன்று இருக்கிறது. அசல் 100 கோடி, பிணை கிடையாது. மீதி 3 ஆண்டு, ஆண்டுக்கு ஒரு தவணை. வங்கி மாதாமாதம் அனுப்பும் மதிப்பீட்டுக் கடிதத்தை அப்படியே ஏட்டில் ஏற்றிவந்தோம். அதில் சிவிஏ, அதாவது எதிர்த்தரப்பின் கடன் இடருக்கான கழிவு, இல்லை என்கிறார் ஆடிட்டர். அந்த வங்கிக்குச் சந்தையில் சிடிஎஸ், அதாவது கடன் தவறினால் ஈடுகட்டும் ஒப்பந்தம், கிடையாது; அதனால் அதன் கடன் இடருக்குச் சந்தை விலை இல்லை. எங்கள் உள் ரேட்டிங்கை வைத்துச் சிவிஏ போட்டால் முழு ஸ்வாப்பும் லெவல் 3 ஆகிவிடுமா? (லெவல் 1 என்பது நேரடிச் சந்தை விலை, 2 என்பது சந்தையில் தெரியும் மற்ற உள்ளீடுகள், 3 என்பது சந்தையில் காணமுடியாத உள்ளீடுகள்.)

பதில் 1:
முதலில் கடிதத்தில் உள்ள எண்ணை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். நீங்கள் கொடுப்பது 6%, இன்றைய 3 ஆண்டு ஸ்வாப் விகிதம் 7% என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1 கோடி சாதகம். எதிர்காலத் தொகையை இன்றைய மதிப்பாக்கும் தள்ளுபடிக் காரணிகள் 7%-இல் 0.9346, 0.8734, 0.8163, கூட்டினால் 2.6243. ஆக மதிப்பு சுமார் 262 லட்சம். மூன்று ஆண்டுக்கும் ஒரே 7% என்பது தோராயம்தான். ஏட்டில் ஏற்றும் கணக்குக்கு முழு வளைவு, அதாவது ஒவ்வொரு காலத்துக்கும் உரிய வட்டி விகிதம், வேண்டும். ஆனால் வங்கியின் எண் இதிலிருந்து வெகுதூரம் விலகியிருந்தால் காரணம் கேட்டே ஆகவேண்டும்.

கடிதத்தில் வருவது பெரும்பாலும் மிட் விலை, அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடு. கடன் இடர் சேராதது. நியாய மதிப்புக்கான சர்வதேசக் கணக்கு நியமமான ஐஎஃப்ஆர்எஸ் 13-இன்படி அந்த இடர் மதிப்புக்குள் வந்தாக வேண்டும். மதிப்பு உங்களுக்குச் சாதகமாக இருக்கும்போது வங்கியின் இடர், பாதகமாக இருக்கும்போது உங்கள் சொந்த இடர், அதாவது டிவிஏ. இரண்டாவதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நியமம் அதையும் கேட்கிறது.

பதில் 2:
லெவல் கேள்விக்கு வருகிறேன். மொத்த மதிப்பீட்டுக்கு முக்கியமான உள்ளீடுகளில் எது மிகக் கீழ்மட்டமோ, அதுதான் முழுக் கருவியின் லெவல். “முக்கியமான” என்ற சொல்லில்தான் விடை இருக்கிறது. உங்கள் ஸ்வாப்பில் சராசரி எதிர்பார்ப்பு வெளிப்பாடு (வங்கி தவறினால் இடரில் இருக்கும் தொகை) 1.5 கோடி, மதிப்பிட்ட கடன் ஸ்ப்ரெட் (கடன் இடருக்கான கூடுதல் விகிதம்) 1.5% என்றால், சிவிஏ தோராயமாக 1.5 கோடி × 1.5% × 2.6243, ஏறத்தாழ 5.9 லட்சம். 262 லட்சத்தில் இது 2.3% கூட இல்லை. லெவல் 2 என்று வாதிட வலுவான இடம் இருக்கிறது.

இத்தனை சதவீதம் தாண்டினால் முக்கியம் என்று நியமம் எண் எதையும் கொடுக்கவில்லை. உங்கள் அளவுகோலை முன்கூட்டியே எழுதிவைத்து, எல்லா ஸ்வாப்புக்கும் ஒரே மாதிரி பயன்படுத்துங்கள். லெவல் 3-க்குப் போனால் தொடக்க, இறுதி இருப்பு ஒப்பீடும், சந்தையில் காணமுடியாத உள்ளீடுகளின் அளவும் வெளிப்படுத்த வேண்டும். அந்த வேலைக்குப் பயந்து லெவலை முடிவு செய்யாதீர்கள்.

பதில் 3:
பதில் 2 சரி, ஆனால் சதவீதச் சோதனை ஓரிடத்தில் கவிழும். வட்டி விகிதம் 6%-க்குத் திரும்பினால் ஸ்வாப்பின் மதிப்பு பூஜ்யத்துக்கு அருகில் வரும். சிவிஏ முழுதாக மறையாது, ஏனெனில் அது இன்றைய மதிப்பை மட்டும் பார்ப்பதில்லை. நாளை மதிப்பு ஏறும் வாய்ப்பையும் பார்க்கிறது. அப்போது சில லட்சமே 50% என்று தோன்றும், லெவலும் காலாண்டுக்குக் காலாண்டு மாறும். சதவீதத்தோடு நிறுத்தாமல், உள் ரேட்டிங்கை ஒரு படி இறக்கினால் மதிப்பு எத்தனை லட்சம் நகர்கிறது என்றும் பாருங்கள்.

இன்னொரு தவறு, இது அடிக்கடி நடப்பது: கடிதத்தில் உள்ள மதிப்பு சேர்ந்த வட்டியோடு, அதாவது நடப்புத் தவணையில் கழிந்த நாட்களுக்கான வட்டியோடு, வந்திருக்கும். நடப்புத் தவணையின் மிதக்கும் வட்டி 6.8%, ஆறு மாதம் கழிந்தது என்றால் நிகரச் சேர்ந்த வட்டி 40 லட்சம். ஏட்டில் அதை வரவேண்டிய வட்டியாகத் தனியே காட்டிவிட்டு, கடிதத்தின் முழு எண்ணையும் ஸ்வாப்பாகக் காட்டினால் 40 லட்சம் இருமுறை கணக்கில் வரும். சேர்ந்த வட்டி உள்ளேயா வெளியேயா என்று வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கைவசம் உள்ள ஒரு கார்ப்பரேட் பாண்டு கடைசியாக 40 நாள் முன்பு கைமாறியது. அந்த விலையை லெவல் 1 என்று காட்டலாமா?

பதில் 2:
கூடாது. லெவல் 1-க்கு, அதே பத்திரத்துக்கு மதிப்பீட்டு நாளில் சுறுசுறுப்பான சந்தையின் விலை வேண்டும், அதுவும் திருத்தாமல். அந்த 40 நாள் பழைய விலையிலிருந்து தொடங்கி, அதே ரேட்டிங், அதே முதிர்வு உள்ள பத்திரங்களின் ஈட்டு விகிதம் அதற்குப்பின் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்துச் சரிக்கட்டுங்கள். அந்த விகிதங்கள் சந்தையில் தெரிகிறவையாக இருந்தால் லெவல் 2. பெரிய இருப்பு, விற்றால் விலை சரியும் என்று கழிவு மட்டும் போடாதீர்கள். வைத்திருக்கும் அளவுக்காகக் கழிப்பதை நியமம் அனுமதிப்பதில்லை.