கன்னியாகுமரி ஜில்லா இரணியல் அரண்மனை பார்க்கப் போறவங்களுக்கு, சுத்துவட்டாரத்து ஊர்க்காரங்க சொல்ற குறிப்பு (சொல்றவங்க ஊர்ப் பேர் மேலே)

தக்கலை:
நேரா இரணியலுக்கு வண்டியை விடாதீங்க. முதல்ல பத்மநாபபுரம் அரண்மனையை ஒரு சுற்று சுத்திட்டு வாங்க. மரமும் ஓடும் சுண்ணாம்பும் சேர்ந்த அதே வேலை. அங்கே கூரை, தட்டு (மரத்தளம்), தூண் எல்லாம் இருந்த இடத்துலயே இருக்கு. அதைப் பார்த்திருந்தாத்தான் பல வருஷம் இடிஞ்சு கிடந்த இரணியல்ல எதெல்லாம் போச்சுன்னு புரியும். திங்கட்கிழமை பத்மநாபபுரத்துக்கு விடுமுறை, மத்த நாள் மதிய இடைவேளை உண்டு. காலையிலேயே போயிடுங்க. அது கேரளத் தொல்லியல் துறை கையில, இரணியல் நம்ம அறநிலையத்துறை கையில. ஒரு இடத்துல வாங்கின அனுமதி இன்னொரு இடத்துல செல்லாது.

திங்கள்சந்தை:
இரணியல்ல பார்க்க வேண்டியது படிப்புரை (நுழைவு வாசல் கட்டடம்), குதிரைமாளிகை, வசந்த மண்டபம். கல் கட்டில் வசந்த மண்டபத்துல. அதுல படுத்திருந்த சேர அரசர் சேரமான் பெருமாள் அப்படியே மறைஞ்சு போனார்னு ஊர்ல சொல்வாங்க. கதையா கேட்டுக்குங்க, வரலாறுன்னு எழுதிடாதீங்க. வேணாட்டு (திருவிதாங்கூருக்கு முந்தின நாடு) அரசர்கள் இருந்த ஊர், பழைய பேர் இரணியசிங்கநல்லூர்; அது போதும். கட்டில் மேல ஏறி உட்கார்ந்து போட்டோ வேண்டாம். செதுக்கு வேலை தெரியணும்னா டார்ச்சை எதிரே அடிக்காம, கல்லை ஒட்டிப் பக்கவாட்டுல பிடிங்க. நிழல் விழுந்தாத்தான் கோடு எழும்பும்.

நாகர்கோவில்:
இரணியல் இடிஞ்சதுக்கு எல்லாரும் சுவரைக் குறை சொல்றாங்க. இந்த மாதிரி கட்டடம் கூரையாலதான் விழும். ஓடு ஒண்ணு விலகினா போதும். நம்ம ஜில்லாவுல தென்மேற்கும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும், மரம் காய நேரமே கிடைக்காது. தண்ணி கழுக்கோல் (ஓட்டைத் தாங்குற சாய்வுக் கட்டை) வழியா இறங்கி, அது உட்கார்ற உத்தரத்துல (சுவர் மேல படுத்திருக்கிற கட்டை) தங்கும். முதல்ல அந்த இடம் உளுத்துப்போகும், பின்னாலயே கரையான் ஏறும். கழுக்கோலோட கால் நழுவினதும் கூரையோட பாரம் சுவரை வெளிப்பக்கமா தள்ளும். சுவரோட தலை திறந்துட்டா மழை சாந்தைக் கரைக்கும், பறவை போட்ட ஆலங்கன்னு அந்தச் சந்துல வேர் விடும். கன்னை வெட்டினா மட்டும் போதாது, வேர் உள்ளே இருக்கிற வரைக்கும் திரும்பத் துளிர்க்கும். மொத்தமா பிடுங்கினா கல்லும் கூடவே வரும்.

அதனால போனதும் அண்ணாந்து பாருங்க. ரெண்டு கூரை சேர்ற உள்மூலையிலதான் மழைத்தண்ணி முழுக்க வந்து சேரும். சேதம் அநேகமா அங்கேதான் தொடங்கியிருக்கும்.

இன்னொண்ணு, சிமெண்டு ஒட்டு. புனரமைச்ச எந்தப் பழைய கட்டடத்துலயும் இதைத் தேடுங்க. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உறிஞ்சும், வெளியேயும் விடும். சிமெண்டு அடைச்சுடும். ஈரம் பக்கத்துக் கல்லுக்குள்ள போய் அது பொடிஞ்சு உதிரும், சிமெண்டு மட்டும் கெட்டியா துருத்திக்கிட்டு நிற்கும். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணியில சாந்து குழைக்கிறது வேலை தெரிஞ்ச ஆசாரிமார் இன்னும் செய்றதுதான், செலவும் நாளும் கூடும், அவ்வளவே.

குளச்சல்:
நாகர்கோவில் அண்ணாச்சி சொன்னதோட இதையும் சேர்த்துக்குங்க. மழை பெஞ்ச மறுநாள் கூரையில்லாத சுவர் பக்கம் போகாதீங்க. வெட்டுக்கல் (செம்பாறையை வெட்டி எடுத்த கல்) தண்ணி குடிச்சா கனம் கூடும், சாந்து இளகியிருக்கும், எப்ப வேணும்னாலும் சரியலாம். சுவர் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் தள்ளியே நில்லுங்க. பாழடைஞ்ச வளாகம் எதுலயும் புதருக்குள்ள கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு கிடக்கலாம்; கம்பால தட்டித் தட்டி நடங்க, பாம்பும் ஒதுங்கிப் போயிடும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்க. மரத்தட்டுல ஏறினா பலகை நடுவுல மிதிக்காம, அடியில உத்தரம் ஓடுற கோட்டுமேல மிதிங்க. ஆணித்தலை வரிசையைப் பார்த்தா கோடு தெரிஞ்சிடும். வேலை நடக்குற நாள்ல உள்ளே விட மாட்டாங்க, விடச் சொல்லி மல்லுக்கட்டவும் வேண்டாம்.

தக்கலை:
அளவெடுக்கப் போறவங்களுக்கு மட்டும். டேப்புல 216, 288 சென்டிமீட்டர்னு வந்தா மிரளாதீங்க. அந்தக் காலத்துத் தச்சர் கணக்கு கோல். ஒரு கோலுக்கு 24 விரல், சுமார் 72 சென்டிமீட்டர். 216ன்னா 3 கோல். சுவரைப் பூச்சோட அளந்தா கணக்கு உதைக்கும், பூச்சு உதிர்ந்த இடத்துல கல்லுக்குக் கல் அளங்க.