எடைப்பிரிவு மாறும் ஜூடோ வீரர்கள்: புது எதிராளி எப்படி அமைகிறார்?

கேள்வி: தடாமி

ஜப்பானின் ஹிஃபுமி அபே, ஜோஷிரோ மருயாமா இருவரும் ஒரே 66 கிலோ பிரிவில் பல வருஷம் மோதியவர்கள். 2020 டிசம்பரில் ஒலிம்பிக் இடத்துக்காக டோக்கியோவின் ஜூடோ தலைமையகமான கோடோகானில் 24 நிமிடம் மல்லுக்கட்டினார்கள். அங்கே போட்டி முற்றியது புரிகிறது. வேறு பிரிவிலிருந்து வருபவருக்குப் பழைய கணக்கே கிடையாது. அப்படியும் சீக்கிரமே அவருக்கென்று ஒரு எதிராளி அமைந்துவிடுகிறாரே, எப்படி?

பதில்: கைப்பிடி

பாதி வேலையை டிராவே, அதாவது யார் யாரோடு மோதுவது என்ற அட்டவணையே, செய்துவிடுகிறது. தரவரிசைப் புள்ளிகள் எடைவாரியாகக் கணக்கிடப்படுவதால், மாறியவர் புதுப் பிரிவில் அடிமட்டத்திலிருந்து ஏற வேண்டும். முதல் எட்டு இடத்தில் உள்ளவர்களை டிராவில் தள்ளித் தள்ளி வைப்பார்கள், அதுதான் சீடிங். இவர் சீடிங் இல்லாமல் எங்கே வேண்டுமானாலும் விழுவார், இரண்டாம் சுற்றிலேயே முன்னணி ஆள் எதிரே நிற்பார். ரெபசாஜ், அதாவது தோற்றபின் வெண்கலத்துக்கான மறுவாய்ப்பு, காலிறுதியில் தோற்றவர்களுக்கு மட்டும்தான். அதற்கு முன்பே தோற்றால் அன்றைய நாள் முடிந்தது, புள்ளியும் சொற்பம். அடுத்த போட்டியிலும் சீடிங் இல்லை, மறுபடியும் அதே ஆளிடம் மாட்ட வாய்ப்பு அதிகம்.

பதில்: ஓரக்கோடு

ஏன் மாறினார் என்பதையும் பாருங்கள். ஒலிம்பிக்கில் ஒரு நாட்டுக்கு ஒரு எடையில் ஒரே இடம். கொசோவோவின் 52 கிலோ இடம் 2016 ரியோவில் தங்கம் வென்ற மஜ்லிண்டா கெல்மெண்டியிடம் இருந்தது. டிஸ்ட்ரியா கிராஸ்னிகி 48க்கு இறங்கி டோக்கியோவில் தங்கம் வாங்கினார். கெல்மெண்டி ஓய்வு பெற்றதும் 52க்கு ஏறினார். 2024 பாரிஸ் இறுதியில் உஸ்பெகிஸ்தானின் டியோரா கெல்டியொரோவா அவரைத் தடுத்தார். சொந்த அணிக்குள் தவிர்த்த மோதல் வெளிநாட்டு ஆளிடம் போய் நின்றது.

கேள்வி: தடாமி

இறங்குபவருக்கும் ஏறுபவருக்கும் வித்தியாசம் உண்டா?

பதில்: கைப்பிடி

நிறைய. எடை பார்ப்பது முந்தின நாள். போட்டி நாள் காலையில் சிலரைக் குலுக்கலில் எடுத்து மறுபடி நிறுத்துவார்கள். ஜூடோகி (ஜூடோ உடை) இல்லாமல் 5 சதவீதம் வரை கூடலாம், அதாவது 66 கிலோக்காரர் 69.3க்குள் இருக்க வேண்டும். ரொம்ப வற்றி இறங்கியவருக்கு அந்த 3.3 கிலோ போதாது. வழக்கமான நான்கு நிமிடம் தாங்குவார், சமநிலையில் தொடரும் கூடுதல் நேரமான கோல்டன் ஸ்கோரில் கால் தளர்ந்துவிடும். அதற்கு நேர வரம்பே இல்லாததால் எதிராளி பிடியை உடைத்து உடைத்து ஆட்டத்தை இழுப்பார்.

ஏறுபவருக்குச் சிக்கல் பிடியில். 66லிருந்து 73 என்றால் வரம்பு பத்து சதவீதத்துக்கு மேல் கூடுகிறது. நீளக் கைக்காரர் தோளுக்கு மேலாக முதுகைப் பிடித்தால் ஏறியவரின் தலை குனியும். குனிந்தே தடுத்துக்கொண்டிருந்தால் ஷிடோ எனும் தண்டனை, மூன்று சேர்ந்தால் ஆட்டமே போச்சு. ஆனால் வேகம் இவர் பக்கம். 100 கிலோவில் ரியோ தங்கம் வென்ற செக் வீரர் லூகாஷ் கிர்ப்பாலெக் 100க்கு மேற்பட்ட பிரிவுக்குப் போய், 2019 உலகப் பட்டத்தையும் டோக்கியோ தங்கத்தையும் எடுத்தார்.

என் கணிப்பில் மூன்றாவது மோதல்தான் உண்மையான தொடக்கம். முதல் முறை புதியவரின் வீச்சு யாருக்கும் பழக்கமில்லை. இரண்டாவதற்குள் வீடியோ பார்த்து, எந்தக் கையைக் கொடுக்கக் கூடாது என்று எதிராளி தயாராகிறார். மூன்றாவதில் இவர் அதற்கும் மாற்று வைத்திருப்பார்.

பதில்: ஓரக்கோடு

பிரான்ஸின் அமண்டின் புஷாரை விட்டுவிட்டீர்களே. 2014ல் 48 கிலோ உலக வெண்கலம், பிறகு 52. அவருடைய கடா குருமா எனும் தோள் வீச்சுக்குக் கையைக் கொடுத்தால் தோளில் ஏற்றிச் சுழற்றிவிடுவார். 2019 ஒசாகா கிராண்ட் ஸ்லாம் இறுதியில் ஜப்பானின் உதா அபேயை வென்றார். டோக்கியோ ஒலிம்பிக் இறுதியில் உதா அபே கோல்டன் ஸ்கோர் வரை பொறுத்து, தரையில் அழுத்திப் பிடித்து முடித்தார். நின்றபடி அவ்வளவு ஆபத்தான ஒருவரைத் தரைக்கு இழுத்ததுதான் சரியான விடை.