கிளியூரில் இறங்கியது எளிது

அம்மாப்பேட்டையிலிருந்து:

குடும்பத்தோடு நடக்கிறோம் என்று சொன்னால், எல்லோரையும் எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று கேட்கிறார்கள். யாரும் சம்மதிக்கவில்லை. ஒரு தப்பு பண்ணினோம், அதிலிருந்து ஆரம்பித்தது.

என் வீட்டுக்காரருக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை. காலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பதோடு சரி. 42 வயதில் சர்க்கரை வந்துவிட்டது. வாரத்துக்கு 150 நிமிடமாவது கொஞ்சம் வேகமாக நடக்கச் சொன்னார் டாக்டர். ஷூ வாங்கினோம், ஐந்து மணிக்கு அலாரம் வைத்தோம். நாலு நாள் ஓடியது. அப்புறம் அந்த ஷூ கல்யாண வீடுகளுக்குத்தான் போய் வந்தது.

போன தீபாவளிக்கு மறுநாள் ஏற்காடு போனோம். மழைக்குப் பிறகு கிளியூர் அருவியில் தண்ணீர் நன்றாக விழும் என்று பையன் அடம். நல்ல உயரம், 300 அடி என்கிறார்கள். சாதாரண மலையில் முதலில் ஏறுவோம், களைத்த பிறகு இறங்குவோம். முடியாதவர்கள் பாதியிலேயே திரும்பிவிடலாம். கிளியூர் நேர் எதிர். தெம்பாக இருக்கும்போது இறங்கிவிடுகிறோம், ஏற்றம் கடைசிக்குத்தான் வருகிறது. 66 வயது அத்தையும், அதாவது இவரோட அம்மாவும், எங்கள் கூடவே சிரித்துக்கொண்டு இறங்கினார். திரும்பி எப்படி ஏறுவார் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஏறி வர ஒன்றே கால் மணி நேரம். பையன் முன்னாடி ஓடிவிட்டான், அவனைப் பிடிக்க இவர் ஓடினார், நானும் அத்தையும் பின்னால். பாதியில் அத்தை ஒரு கல்லில் உட்கார்ந்து, "நீங்க போங்க கண்ணு, நான் இங்கியே இருந்துக்கறேன்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் இறங்கி வந்ததும் அத்தையை முன்னால் விட்டோம். அவர் நின்றால் நாங்கள் நின்றோம், அவர் நடந்தால் நடந்தோம். அப்படித்தான் மேலே வந்து சேர்ந்தோம்.

வேடிக்கை என்னவென்றால், அந்த அரை மணி நேரம்தான் எல்லோரும் சேர்ந்து நடந்தோம். அதற்கு முன்னால் நாலு பேரும் தனித்தனியாக ஒரே பாதையில் போய்க்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை முருகன் கோயில் இருக்கிற குமரகிரி மலைக்குப் போகிறோம். வண்டி போகும் பாதை இருந்தாலும் படியில்தான். முன்னால் போவது எப்போதும் அத்தை. எங்கே திரும்புவது என்று அவர்தான் சொல்வார். ஆரம்பத்தில் கால்வாசி கூடப் போகவில்லை, தை மாசம் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் இறங்கினார். சரியான வேகத்தில் நடந்தால் பேச முடியணும், பாட முடியக்கூடாது என்பார்கள். அத்தை வழியெல்லாம் எங்களைத் திட்டிக்கொண்டே ஏறுவார், அதனால் அந்தக் கவலை இல்லை.

பையன் கதை வேறு. 5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கணக்குப் போட்டால் வாரத்துக்கு 420 நிமிடம், அப்பாவுக்குச் சொன்னதைப் போல மூன்று மடங்குக்குக் கொஞ்சம்தான் குறைவு. அத்தை வேகத்தில் நடந்தால் அவனுக்கு எப்படிப் போதும்? அவன் மேலே ஓடி, திரும்பி எங்களிடம் இறங்கி, மறுபடி ஓடுகிறான். நாங்கள் ஒரு முறை ஏறுவதற்குள் அவன் மூன்று முறை ஏறிவிடுகிறான். மற்ற நாளில் தெருவில் ஷட்டில். இவர் ராத்திரி சாப்பிட்டதும் அத்தையோடு பத்து நிமிடம் தெருமுனை வரை போய் வருகிறார். சாப்பாட்டுக்குப் பின் நடந்தால் சர்க்கரை அவ்வளவாக ஏறாது என்று டாக்டரே சொன்னார்.

மலையிலிருந்து இறங்கியதும் தட்டுவடை செட் உண்டு. அதை நிறுத்தச் சொல்லி யாரும் எழுத வேண்டாம்.

ஏற்காட்டிலிருந்து:

நாங்க எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவங்க, பொழுதுக்கும் சரிவிலேயே நடக்கிறோம். இருபது கொண்டை ஊசி வளைவும் காரில் ஏறி வந்து, காரிலிருந்தே ஏரியைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். நீங்க இறங்கியாவது நடந்தீங்க. ஒன்று மட்டும் சொல்கிறேன். ஏறும்போது மூச்சுதான் வாங்கும், முட்டிக்கு அடி விழுவது இறங்கும்போது. சரிவில் நேராக இறங்காமல் வளைந்து வளைந்து, சின்ன அடியாக வைக்கணும். உங்க அத்தைக்கு ஒரு குச்சி வெட்டிக் கொடுங்க. மழைக்காலத்தில் அருவிப் பாறையெல்லாம் பாசி, செருப்பு நிற்காது.

கண்ணங்குறிச்சியிலிருந்து:

எங்களுக்கு மலையெல்லாம் ஆகாது, மூக்கனேரிக் கரைதான். நடுவில் மண் மேடு போட்டு மரம் வைத்திருப்பதால் பறவைகள் நிறைய வருகின்றன. பாப்பா அதை எண்ணிக்கொண்டே எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடப்பாள். ஆனால் ஒரு நாள் அப்பா பயமுறுத்திவிட்டார். இன்சுலின் போட்டுக்கொண்டு, வந்து சாப்பிட்டுக்கலாம் என்று வெறும் வயிற்றில் கிளம்பியிருக்கிறார். பாதி தூரத்தில் கை நடுக்கம், சட்டை நனைகிற அளவுக்கு வேர்வை. சர்க்கரை இறங்கிவிட்டது. பாப்பா பையில் இருந்த மிட்டாயைக் கொடுத்து உட்கார வைத்த பிறகுதான் தெளிந்தார். இப்போது சாப்பிடாமல் யாரும் கிளம்புவதில்லை, எல்லோர் பாக்கெட்டிலும் மிட்டாய் இருக்கும். உங்க வீட்டுக்காரர் மாத்திரை போடுகிறவராக இருந்தால் நீங்களும் வைத்துக்கொள்ளுங்க.

அம்மாப்பேட்டையிலிருந்து:

மாத்திரைதான் போடுகிறார். மிட்டாய் வாங்கி வைத்துவிட்டேன், பையன் கண்ணில் படாத இடத்தில். ஏற்காட்டு அக்கா, குச்சி விஷயத்தை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். "எனக்கெதுக்குக் குச்சி, அவனுக்கு வெட்டிக் குடு" என்று மகனைக் கைகாட்டிவிட்டார்.