பொய்ரோவை வேறொருவர் எழுதினால் படிக்கலாமா?

பழுப்புத்தாள்:
துப்பறிவாளர் பொய்ரோ வரும் அகதா கிறிஸ்டியின் நாவல்கள் 33-ஐயும் படித்து முடித்துவிட்டேன். 1975-இல் வெளிவந்த 'கர்ட்டன்' நாவலில் பொய்ரோவின் மரணத்தையே அவர் எழுதிவிட்டார். அதுவும் இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே எழுதிப் பத்திரப்படுத்திய நாவல் அது. தமக்குப் பின் இன்னொருவர் கையில் பொய்ரோ சிக்கக் கூடாது என்று அவர் எண்ணியிருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படியிருக்க, கிறிஸ்டி குடும்பத்தாரின் ஒப்புதலோடு சோஃபி ஹன்னா 2014 முதல் எழுதிவரும் பொய்ரோ நாவல்களைப் படிக்கலாமா?

இரவுவாசகி:
தாராளமாகப் படிக்கலாம். 1928-இல் வந்த 'தி மிஸ்டரி ஆஃப் தி ப்ளூ ட்ரெய்ன்' நாவலுக்கும் 1932-இல் வந்த 'பெரில் அட் எண்ட் ஹவுஸ்' நாவலுக்கும் இடையே கிறிஸ்டி பொய்ரோ நாவல் எதையும் வெளியிடவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் ஹன்னா தம் கதைகளை நுழைத்திருக்கிறார். கிறிஸ்டியின் பல பொய்ரோ கதைகளைச் சொல்லும் நண்பர் ஹேஸ்டிங்ஸின் குரலைப் போலி செய்ய முயலாமல், எட்வர்ட் கேட்ச்பூல் என்ற ஸ்காட்லாந்து யார்டு அதிகாரியைக் கதைசொல்லியாக்கியது அவர் எடுத்த மிக நல்ல முடிவு. நடை மாறிவிட்டதே என்று நாம் குறைகூற முடியாது. பேசுகிறவரே வேறு ஆள் அல்லவா?

குறையும் உண்டு. கிறிஸ்டியின் சிறந்த நாவல்களில், முடிச்சு அவிழ்ந்த பிறகு அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். ஹன்னாவின் முதல் பொய்ரோ நாவலான 'தி மோனோகிராம் மர்டர்ஸ்' அப்படியன்று. லண்டன் ஹோட்டல் ஒன்றில் மூன்று பிணங்கள், ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு கஃப்லிங்க் (சட்டைக் கைப்பொத்தான்) என்று தொடக்கம் அபாரமாக இருந்தாலும், விளக்கம் பக்கம் பக்கமாக நீள்கிறது. அயர்லாந்து மாளிகையொன்றில் நடக்கும் 'க்ளோஸ்டு காஸ்கெட்' (2016) எனக்கு அதைவிடப் பிடித்திருந்தது.

சாம்பல்மேடு:
கதைசொல்லியை மாற்றுவது பாதுகாப்பான வழி, அவ்வளவுதான். ஆண்டனி ஹோரோவிட்ஸ் 2011-இல் எழுதிய 'தி ஹவுஸ் ஆஃப் சில்க்' நாவலில், ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளைச் சொல்லும் வாட்சனின் குரலையே துணிந்து எடுத்துக்கொண்டார். முதுமையில் எழுதும் வாட்சன், அந்தக் கையெழுத்துப் பிரதியை நூறு ஆண்டுகள் பூட்டி வைக்கச் சொல்கிறார். இது வெறும் சாக்கு என்றுதான் முதலில் நினைப்போம். ஆனால் விக்டோரியா காலப் பத்திரிகை எதுவும் அச்சிடத் துணியாத குற்றம் அது என்பது கடைசியில் தெரியும்போது, அந்தப் பூட்டும் கதைக்குள் பொருந்திவிடுகிறது.

கூழாங்கல்:
நீங்கள் இருவரும் சொல்வது புதிதாகப் புனைந்தவற்றைப் பற்றி. துப்பறியும் கதை எழுத்தாளர் டோரதி சேயர்ஸ் 1930-களில் பாதியில் விட்ட 'த்ரோன்ஸ், டாமினேஷன்ஸ்' நாவலை ஜில் பேட்டன் வால்ஷ் முடித்து 1998-இல் வெளியிட்டார். என் வாசிப்பில் தொடர்ச்சி நாவல்களிலேயே அதுதான் நேர்மையானது. முதலாசிரியரின் எழுத்தே உள்ளே இருப்பதால், பின்வந்தவர் மனம்போன போக்கில் போய்விட முடியாது.

பழுப்புத்தாள்:
அனைவருக்கும் நன்றி. ஹன்னாவின் நாவல்களை வரிசையாகத்தான் படிக்க வேண்டுமா?

இரவுவாசகி:
தேவையில்லை, ஒவ்வொன்றும் தனி வழக்கு. நேராக 'க்ளோஸ்டு காஸ்கெட்' நாவலிலேயே தொடங்கலாம்.