டெங்கு பிளாஸ்மா தரவு: 412 புரதங்களில் 187 வித்தியாசம் என்று வருகிறது, எங்கே பிழை?

கேள்வி:
எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்தில் எம்ஃபில் செய்கிறேன். டெங்கு நோயாளர் 12 பேர், நோயில்லாதவர் 12 பேர், ஆக 24 பிளாஸ்மா மாதிரிகள். மாஸ் ஸ்பெக் (புரதத் துண்டுகளை எடையால் இனங்கண்டு அளக்கும் இயந்திரம்) வசதிக்காக இரண்டு தடவையாக வெளிநாட்டுக்கு அனுப்பினோம். அந்தத் தரவை அலசும் மேக்ஸ்குவாண்ட் மென்பொருள் தந்த புரோட்டீன் குரூப்ஸ் பைலை எக்செலில் திறந்து, எல்எஃப்கியூ (புரத அளவு) நிரல்களை மட்டும் வெட்டி எடுத்து ஆர் மென்பொருளில் போட்டேன்.

லாக் 2 எடுத்ததும் நிறைய இடங்களில் மைனஸ் இன்ஃபினிட்டி. பிசிஏ (ஒத்த மாதிரிகளைப் படத்தில் பக்கத்தில் பக்கத்தில் காட்டும் முறை) போட்டால் எரர். அவற்றையெல்லாம் 0 ஆக்கினேன், ஓடியது. அப்புறம் ஆர் மென்பொருளின் ஒப்பீட்டுத் தொகுப்பான லிம்மாவில் ஒப்பிட்டால் 187 புரதங்கள் வித்தியாசமாம், உச்சியில் கெரட்டின்! ஹிஸ்டோகிராமில் இரண்டு மேடுகள்: ஒன்று 0 இல், மற்றது 26 பக்கத்தில். வியாழக்கிழமை சுப்பர்வைசரிடம் காட்ட வேண்டும். காய்ச்சலோடு படுத்திருந்தவர்கள் தந்த இரத்தம் இது. அதை வைத்துத் தப்பான முடிவு சொல்லிவிடக்கூடாது.

பதில்:
அந்த 0 தான் பிழை, தங்கச்சி. மேக்ஸ்குவாண்ட் 0 என்று எழுதினால் புரதம் இல்லை என்று அர்த்தமில்லை, அந்த மாதிரியில் அளவு கிடைக்கவில்லை என்பதுதான். நீங்கள் லாக் எடுத்த பிறகு 0 போட்டதால், ஒருவரிடம் 26, இன்னொருவரிடம் 0. அது 2 இன் 26ஆம் அடுக்கு, அதாவது 6 கோடியே 71 லட்சம் மடங்கு வித்தியாசம். லிம்மா வேறு என்னதான் சொல்லும்?

லாக் எடுக்க முன்னரே 0 எல்லாவற்றையும் என்ஏ (காலியிடம்) ஆக்குங்கள். லிம்மா என்ஏயைத் தாங்கும். ஏதாவது ஒரு குழுவில் 12 இல் 8 பேரிடமாவது அளவு உள்ள புரதங்களை மட்டும் வையுங்கள். பிசிஏக்கு ஒரு இடமும் காலியில்லாத நிரைகளை எடுத்தால் போதும்.

கெரட்டின் தோலிலிருந்தும் தூசியிலிருந்தும் வருவது. பைலில் மாசு, ரிவர்ஸ் (சோதனைக்குச் சேர்த்த பொய்த் தொடர்கள்), சைட்டால் (மாற்றமடைந்த ஓர் இடத்தால்) மட்டும் இனங்கண்டவை என்று கூட்டல் குறியிட்ட மூன்று நிரல்கள் இருக்கும். குறியுள்ள புரதங்களை நீக்க வேண்டும், ஆனால் வெட்டியபோது அந்த நிரல்களே போய்விட்டன. எக்செலையே தவிர்த்துவிடுங்கள். அது செப்ட்2 என்ற மரபணுப் பெயரைத் திகதியாக்கிவிடும். இந்தத் தொல்லையால் பின்னர் அந்த மரபணுக்களின் பெயர்களில் செப்ட் என்பதையே செப்டின் என்று மாற்றினார்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. இப்போது 268 புரதங்கள், அதில் 31 வித்தியாசம். கெரட்டின் போய்விட்டது. ஆனால் பிசிஏயில் புள்ளிகள் நோய்ப்படி பிரியவில்லை, அனுப்பிய தடவைப்படி பிரிகின்றன. முதல் தடவை டெங்கு 8, மற்றவர் 4. இரண்டாம் தடவை 4, 8.

இன்னொருவர் பதில்:
தப்பித்தீர்கள் தங்கச்சி. டெங்கு 12உம் ஒரே தடவையில் போயிருந்தால், எது நோய், எது இயந்திரம் என்று எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. உங்களிடம் இரண்டு தடவையிலும் இரண்டு குழுவும் இருக்கின்றன. டிசைன் மேட்ரிக்ஸில் (எந்தக் காரணிகளைக் கணக்கெடுப்பது என்று லிம்மாவுக்குச் சொல்லும் அட்டவணை) நோயோடு தடவையையும் ஒரு காரணியாகச் சேருங்கள். தடவை வித்தியாசத்தைக் கழிக்கும் ரிமூவ் பேட்ச் எஃபெக்ட் கட்டளை படம் வரைய மட்டும். அதில் திருத்திய தரவைத் திரும்ப லிம்மாவில் போடாதீர்கள்.

பெர்சியஸ் என்ற மென்பொருளில் காலியிடம் நிரப்பச் சொல்லி யாராவது வந்தால் யோசியுங்கள். அதன் இயல்பான அமைப்பு (கீழிறக்கம் 1.8, அகலம் 0.3) காலியிடங்களில் குறைந்த எண்களைப் போடும். அது குறைவான அளவால் தவறிய புரதங்களுக்குப் பொருந்தும். தடவை மாறியதால் தவறியவற்றுக்கும் அதையே போட்டால் இல்லாத வித்தியாசம் முளைக்கும்.

கடைசியில் சிஆர்பி, சீரம் அமைலாய்ட் ஏ என்ற இரண்டு புரதங்களையும் தேடுங்கள். தொற்றுக் காய்ச்சலில் ஏறக்கூடியவை. அவை அசையவே இல்லையென்றால் மாதிரிப் பெயர்கள் மாறியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

கேட்டவர்:
செய்தேன் அக்கா. பெஞ்சமினி ஹொக்பெர்க் திருத்தத்தோடு (பல ஒப்பீடுகளில் தற்செயலாக வரும் பொய் முடிவுகளைக் கட்டுப்படுத்துவது) 5 வீதத்தில் 14 நிற்கின்றன. நீங்கள் சொன்ன இரண்டும் இருக்கின்றன, டெங்குப் பக்கம் ஏறியே இருக்கின்றன. வியாழன் 14ஐத்தான் காட்டுகிறேன், 187 எப்படி வந்தது என்பதையும் சேர்த்து. கெரட்டின் முதல் தடவை மாதிரிகளில்தான் அதிகம். அன்று குழாய்களைத் திறந்த இடத்தை நாளை போய்ப் பார்க்கிறேன்.