பிப்ரவரியில் புது வேலை, அதே மாதம் ஸ்போர்ட்ஸ் டே, ஆண்டு விழா: எப்படிச் சமாளிப்பது?

நூல்கண்டு கேட்டது:

வணக்கங்க. திருப்பூர்ல ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில அக்கவுண்ட்ஸ் வேலை கிடைச்சிருக்கு. 2026 பிப்ரவரி 2, திங்கட்கிழமை சேரணும். நடுவுல ஆறு வருஷம் வேலைக்குப் போகலை. பையன் ஆறாவது, பொண்ணு மூணாவது. பிப்ரவரி 7 சனிக்கிழமை பையனுக்கு ஸ்போர்ட்ஸ் டே. 20 வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆண்டு விழா, பொண்ணு குரூப் டான்ஸ்ல இருக்கா. கம்பெனிக்கு சனிக்கிழமையும் வேலை நாள். வீட்டுக்காரருக்கு ஷிப்ட் மாறிட்டே இருக்கும், மாமியார் கூட இருக்காங்க. டேலி, ஜிஎஸ்டி எல்லாம் மறுபடி பார்க்கணும். சேர்ந்த வாரமே பர்மிஷன் கேட்டா தப்பா நினைப்பாங்களா? எதை முதல்ல முடிச்சு வைக்கிறது?

---

பேரேடு எழுதியது:

சிஸ்டர், முதல்ல ரெண்டு காலண்டரையும் ஒரே தாள்ல எழுதுங்க. நம்ம வேலையில நெருக்கடி எப்ப வரும்னு முன்னாடியே தெரியும். டிடிஎஸ் (பில்லுல பிடிச்ச வருமான வரி) கட்ட 7ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு) போட 11, பிஎஃப், இஎஸ்ஐ கட்ட 15, ஜிஎஸ்டிஆர்-3பி (மாச ஜிஎஸ்டி கணக்குப் போட்டு வரி கட்டுறது) 20. உங்க ரெண்டு விழாவும் சரியா 7லயும் 20லயும் விழுந்திருக்கு. அந்த ரெண்டு வேலையும் முன்கூட்டியே முடிஞ்சிருந்தா பர்மிஷன் கேக்குறதுல எந்தச் சங்கடமும் இருக்காது.

7ஆம் தேதி: டிடிஎஸ் இழுக்கிறதுக்குக் காரணம் பெரும்பாலும் ஜாப் ஒர்க் (வெளி யூனிட்ல கூலிக்குச் செய்யற வேலை) பில்லுதான். நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் யூனிட்காரங்க ஜனவரி தேதி போட்ட பில்லை பிப்ரவரி 5, 6ல கொண்டு வந்து நீட்டுவாங்க. சேர்ந்த மறுநாளே, ஜனவரியில துணி போன யூனிட் லிஸ்டை டெலிவரி சலானைப் பார்த்து எடுத்துருங்க. பில் வராதவங்களுக்குப் போன் பண்ணி வாட்ஸ்ஆப்ல வாங்குங்க. வருமான வரிச் சட்டம் 194சி பிரிவுல தனிநபருக்கு 1%, பார்ட்னர்ஷிப், கம்பெனின்னா 2%. ஒரே பில் 30,000 தாண்டினாலோ வருஷ மொத்தம் ஒரு லட்சம் தாண்டினாலோ பிடிக்கணும். பான் எண்ணோட நாலாவது எழுத்து பி-ன்னா தனிநபர், எஃப்-ன்னா பார்ட்னர்ஷிப், சி-ன்னா கம்பெனி. புதுசா சேர்ந்தவங்க அதிகம் தப்பு விடுறது இந்த இடத்துலதான். போர்டுல பேர் "டெக்ஸ்"னு இருக்கும், பான் ஓனரோட சொந்தப் பானா இருக்கும். 5ஆம் தேதி சாயங்காலம் சலான் ரெடி, 6ஆம் தேதி ஓனர் பேங்க்ல அப்ரூவல். சனிக்கிழமை காலையில நீங்க கிரவுண்டுல நிக்கலாம்.

20ஆம் தேதி: ஜிஎஸ்டிஆர்-2பி (சப்ளையருங்க ஏத்தின பில்லை வெச்சு போர்ட்டல் தர்ற கணக்கு) 14ஆம் தேதி வந்துரும். நீங்க வேலையை விட்டப்ப இது கிடையாது, அதனால இதை மட்டும் தனியா உட்கார்ந்து படிங்க. இப்ப ஐடிசி (வாங்கினப்ப கட்டின வரியைக் கழிச்சுக்கிறது) எடுக்கிறதே இதை வெச்சுத்தான். 16, 17ல பர்ச்சேஸ் ரிஜிஸ்டரோட டேலி பண்ணி, 18ல ஓனர்கிட்டயோ ஆடிட்டர்கிட்டயோ காட்டி, 19ல ஃபைல் பண்ணிடுங்க. ஐஎம்எஸ்-ல (போர்ட்டல்ல சப்ளையர் பில்லை ஏத்துக்கிற, நிராகரிக்கிற பக்கம்) 14க்கு அப்புறம் ஏதாவது பில்லை ஏத்துக்கிட்டாலோ நிராகரிச்சாலோ 2பி-யை மறுபடி கம்ப்யூட் பண்ணணும். அதை விட்டா பழைய தொகைதான் 3பி-க்கு வரும்.

கடைசி நாளுக்கு விட்டா போர்ட்டல் நகராது. தாண்டுற ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் லேட் ஃபீ, கட்ட வேண்டிய வரிக்கு வருஷத்துக்கு 18% கணக்குல வட்டி. இன்னொண்ணு, பிரைவேட் லிமிடெட்னா டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்து) டோக்கன் இல்லாம ஃபைல் ஆகாது. அந்த டோக்கன் ஓனர் பையில இருக்கும், அவர் பையரைப் பார்க்க வெளியூர் போயிருப்பார். ப்ரொப்ரைட்டர்ஷிப்னா ஓடிபி அவர் மொபைலுக்குப் போகும். 16ஆம் தேதியே "19ஆம் தேதி இருப்பீங்களா சார்"னு கேட்டு வைங்க.

---

பணியாளர்_பக்கம் எழுதியது:

பர்மிஷனைச் சேர்ந்த பிறகு கேட்காதீர்கள், சேர்வதற்கு முன்பே கேளுங்கள். சேர்ந்த நான்காம் நாள் வாயால் கேட்பதும், ஜனவரியிலேயே மெயில் போடுவதும் எதிரில் இருப்பவருக்கு ஒன்றாகத் தெரியாது. ஆஃபரை ஏற்றுக்கொள்ளும் மெயிலிலேயே இரண்டு வரி போதும்: "பிப்ரவரி 7 காலை 9 முதல் 1 மணி வரையும், 20 மாலை 4 மணிக்கு மேலும் குழந்தைகளின் பள்ளி நிகழ்ச்சிக்காக அனுமதி வேண்டும். டிடிஎஸ் 6ஆம் தேதிக்குள்ளும், 3பி 19ஆம் தேதிக்குள்ளும் முடியும்படி வேலையைத் திட்டமிட்டுக்கொள்கிறேன்." தேதி, நேரம், அன்றைய வேலைக்கு மாற்று ஏற்பாடு மூன்றும் இருந்தால் மறுப்பவர்கள் குறைவு. உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். திருப்பூரில் ஒரே பள்ளியில் முதலாளி வீட்டுப் பிள்ளையும் படிக்கலாம்.

"ப்ரொபேஷனில் லீவே கிடையாது" என்று சொன்னால் உங்கள் பெயர் எந்த ரோலில் (ஆபீஸ் பதிவேட்டிலா, ஃபேக்டரி பதிவேட்டிலா) என்று கேளுங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இன் கீழ் வரும் அலுவலகமாக இருந்தால், முதல் 12 மாதத்திலேயே 12 நாள் வரை தற்செயல் விடுப்பு உண்டு. ஃபேக்டரி ரோலில் போட்டால் விதி வேறு. எப்படியானாலும் அரை நாள் சம்பளப் பிடித்தத்துக்குத் தயாராக இருங்கள்.

அதைவிட அவசரம் பேப்பர் வேலை. கல்யாணத்துக்கு முன் வேலை பார்த்திருந்தால் பழைய யூஏஎன்னில் (பிஎஃப்புக்கான நிரந்தர எண்) அப்பா இனிஷியல் இருக்கும், ஆதாரில் கணவர் இனிஷியல் அல்லது பெயர் ஏறியிருக்கும். இந்த ஒரு எழுத்தால் கேஒய்சி நின்றுபோகும். ஆதார், பான், பேங்க் பாஸ்புக், யூஏஎன் நான்கையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். 2017 அக்டோபர் 1க்குப் பிறகு ஆதாரோடு வந்த யூஏஎன் என்றால் பெயர்த் திருத்தத்தைப் போர்ட்டலில் நீங்களே செய்யலாம். அதற்கு முந்தையது என்றால் கம்பெனி வழியாக ஜாயின்ட் டிக்ளரேஷன் (நீங்களும் கம்பெனியும் சேர்ந்து தரும் விண்ணப்பம்) போகும், நாள் பிடிக்கும். சிரமமாக இருக்கிறதே என்று புதிதாக இன்னொரு யூஏஎன் மட்டும் வாங்கிவிடாதீர்கள், பிறகு இரண்டையும் இணைப்பது பெரிய வேலை.

---

வகுப்பாசிரியை எழுதியது:

இரண்டு நிகழ்ச்சியிலும் பெற்றோர் முழு நேரமும் இருக்க வேண்டியதில்லை. ஸ்போர்ட்ஸ் டேக்கு முந்தைய வாரமே பெரும்பாலான பள்ளிகளில் ஹீட்ஸ் முடிந்துவிடும், அன்றைக்கு நடப்பது ஃபைனல்ஸ்தான். பையன் ஃபைனலில் இருக்கிறானா, மார்ச் பாஸ்ட் அல்லது டிரில்லில் மட்டும் இருக்கிறானா என்று பி.டி. மாஸ்டரிடம் கேளுங்கள். மார்ச் பாஸ்ட் என்றால் முதல் ஒரு மணி நேரத்தோடு சரி.

ஆண்டு விழாவில் சிறு வகுப்புகளைத் தூக்கம் வருவதற்குள் மேடையேற்றிவிடுவோம். ஆனால் ஆண்டறிக்கை, சிறப்பு விருந்தினர் உரை, பரிசளிப்பு இவை முன்னால் வந்தால் எல்லாமே தள்ளிப்போகும். எனவே மணியைக் கேட்காதீர்கள், எத்தனையாவது நிகழ்ச்சி என்று கேளுங்கள்.

மேக்கப்புக்காகக் குழந்தைகளை இரண்டு, மூன்று மணி நேரம் முன்பே வரச் சொல்வார்கள். அந்த வேலையை மாமியாரிடம் விடலாம். அதற்கு ஜனவரி மாதமே அவர் போட்டோ, மொபைல் எண்ணோடு வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் விழா முடிந்து குழந்தையை வெளியே விடும்போது கேட்டில் வாக்குவாதம் ஆகும்.

வாடகை டிரஸ் பெரும்பாலும் முதல் நாள்தான் கைக்கு வரும், குழுவில் பெரிய பிள்ளையின் அளவுக்கே இருக்கும். அன்றிரவே போட்டு, கையைத் தூக்கி, தரையில் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். இடுப்பு நழுவினால் பின் குத்தாதீர்கள், ஆடும்போது பிய்த்துக்கொண்டு குத்தும். கறுப்பு நூலில் நாலு தையல் போடுங்கள், திருப்பிக் கொடுக்கும்போது பிரித்துவிடலாம். சவுரி வைப்பதாக இருந்தால் அன்று தலைக்கு எண்ணெய் வேண்டாம், ஹேர்பின் நிற்காது. பையில் இட்லி மாதிரி சிந்தாத சாப்பாடு, ஒரு பழைய சட்டை, பெயர் எழுதிய செருப்புக் கவர். ஜூஸ் வேண்டாம், டிரஸ்ஸில் கறை பட்டால் டெபாசிட்டில் பிடிப்பார்கள்.

---

நூல்கண்டு:

ரொம்ப நன்றிங்க. கடிதத்தை நாளைக்கே குடுத்துடறேன். வீட்டுல டேலி லைசன்ஸ் இல்லையே, எப்படிப் பழகுறது?

---

பேரேடு:

டேலி பிரைமை இறக்கி எஜுகேஷனல் மோட்ல திறங்க, காசு கிடையாது. அதுல மாசத்துக்கு 1, 2, 31 ஆகிய தேதிகள்ல மட்டும்தான் வவுச்சர் போட முடியும். அதனால ஜனவரி மாசத்தை எடுத்துக்குங்க, மூணு தேதியும் கிடைக்கும். எஃப்11-ல ஜிஎஸ்டி, டிடிஎஸ் ரெண்டையும் ஆன் பண்ணிட்டு, எஃப்9-ல ஒரு நூல் பர்ச்சேஸ், டிடிஎஸ் பிடிச்ச ஒரு டையிங் பில், எஃப்8-ல எல்யுடி-யில (வரி கட்டாம ஏற்றுமதி பண்ணத் தர்ற உறுதிக் கடிதம்) போற ஒரு எக்ஸ்போர்ட் பில், எஃப்5-ல பேமென்ட், அப்புறம் பேங்க் ரீகன்சிலியேஷன். பிள்ளைங்க ஸ்கூல் போன நேரத்துல தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாப் போதும், கை பழகிடும்.

ரேட்டைப் பழைய ஞாபகத்துல போட்டுடாதீங்க. 2025 செப்டம்பர் 22லேருந்து ரெடிமேடுக்கு பீஸ் 2,500 ரூபாய் வரைக்கும் 5%, அதுக்கு மேல 18%. முன்னாடி அந்த எல்லை 1,000 ரூபாய், மேல 12%. கம்பெனி டேட்டாவுல ஸ்டாக் ஐட்டம் மாஸ்டர்ல மாத்தாம விட்டிருந்தா உள்ளூர் பில்லு தப்பா வரும். முதல் வாரத்துலயே நாலஞ்சு ஐட்டத்தைத் திறந்து பாருங்க. எக்ஸ்போர்ட்டுக்கு வரி இல்லாமப் போகுதுன்னா, 2026-27க்கான எல்யுடி-யை மார்ச் முடியறதுக்குள்ள போட்டாச்சான்னும் கேட்டு வைங்க. ஏப்ரல்ல முதல் கன்டெய்னர் போறப்ப அதைத் தேடுவாங்க.