முட்டைக்குள் மேரக்ஸ் ஊசி: சாயம் காற்றறையிலேயே நிற்கிறது

செட்டர்18:
பிராய்லர் முட்டைகளை அடைவைத்த 18-ம் நாள் செட்டரிலிருந்து (அடைகாக்கும் பெட்டி) ஹேச்சருக்கு (குஞ்சு பொரிக்கும் பெட்டி) மாற்றும்போது, கோழிக்கு வாதமும் கட்டியும் தரும் மேரக்ஸ் வைரஸ் நோய்க்கான தடுப்பூசியை (எச்.வி.டி. எனும் வான்கோழி ஹெர்பஸ் வைரஸ்) மெஷினில் போடுகிறோம். நீலச்சாயம் ஏற்றி உடைத்துப் பார்த்தால் 20 முட்டைக்கு 4-ல் சாயம் முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறையிலேயே நிற்கிறது. ஊசியை இன்னும் ஆழமாக இறக்கலாமா? 1,000 டோஸ் ஆம்பூலை 200 மில்லி டைலூயன்ட் (மருந்தைக் கலக்கும் திரவம்) பையில் கலக்கிறோம்.

குஞ்சு_டாக்டர்:
ஊசி கிடக்கட்டும், கலவையை முதலில் மாற்றுங்கள். 1,000 டோஸுக்கு 200 மில்லி என்பது ஒருநாள் குஞ்சுக்குக் கழுத்துத் தோலடியில் 0.2 மில்லி போடுகிற கணக்கு. முட்டைக்குள் போவது 0.05 மில்லிதான். உங்கள் கலவையில் ஒரு முட்டைக்குக் கால் டோஸ்தான் சேரும். அதே பைக்கு 4,000 டோஸ் வேண்டும்.

மருந்து விழ வேண்டிய இடம் கருவைச் சுற்றியுள்ள பனிக்குட நீர், இல்லையென்றால் கருவின் உடல். காற்றறையிலோ அதற்கு அடுத்த அலன்டாயிஸ் நீரிலோ (கருவின் கழிவு சேரும் பை) விழுந்தால் பெரும்பாலும் வீண். ஆழத்தைக் கூட்டுமுன், எந்தெந்த ஊசி தவறுகிறது என்று ட்ரேயில் இடம் குறித்துப் பாருங்கள். ஒரே இடத்தில் தவறினால் ஊசி வளைந்திருக்கும். பரவலாகத் தவறினால் ட்ரே சாய்வாக நிற்கிறதா, செட்டரில் ஈரப்பதம் குறைந்து காற்றறை பெருத்துவிட்டதா என்று பாருங்கள். 18 நாளில் எடை இழப்பு 11-12 சதவீதம் இருந்தால் சரி. கண்மூடித்தனமாக ஆழத்தைக் கூட்டினால் கருவின் தலையில் குத்தும்.

கூமுட்டை:
சாயம் சரியான இடத்தில் விழுந்தும் மருந்து செத்திருக்கலாம். இந்த வைரஸ் உயிருள்ள செல்லுக்குள் இருக்கிறது. செல் உடைந்தால் தாய்க்கோழி தந்த எதிர்ப்பாற்றலே அதை முடித்துவிடும். நைட்ரஜன் கேனிலிருந்து எடுத்த ஆம்பூலை 27 டிகிரி தண்ணீரில் ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக வைத்து உருக்குங்கள். 18 கேஜ் ஊசியால் மெதுவாக உறிஞ்சுங்கள், நுரைக்க விடாதீர்கள். உருகியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. கலந்த பையை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். இடையிடையே மெல்லப் புரட்டுங்கள், இல்லையேல் செல் அடியில் படியும்.

குத்திய துளை வழியாகப் பூஞ்சை ஏறும். கேண்டிலிங்கில் (முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது) கூமுட்டையைக் கழித்த பிறகே ஊசி. லசோட்டாவை (ராணிக்கெட் நோய்க்கான உயிர்த் தடுப்பூசி) இதோடு கலந்து போடலாமே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கரு செத்துப்போகும்.

செட்டர்18:
கலவையை மாற்றிவிடுகிறோம். லேயர் முட்டைக்கும் இதே மெஷின் ஆகுமா?

வெள்ளை_லெகார்ன்:
ஆகும், ஆனால் கட்டுபடியாகாது. பொரிப்பதில் பாதி சேவல் குஞ்சு, அதற்கும் மருந்து போகும். சேவல், பெட்டை என்று பிரிக்க எப்படியும் ஒவ்வொரு குஞ்சையும் கையில் எடுக்கிறீர்கள்; பெட்டைக்கு மட்டும் அப்போதே கழுத்தில் போட்டுவிடுங்கள்.